நீருக்குத் தக்க குடிகள்

ஆடி, ஆவணி மாதங்களில் கரியாஹாட் மார்க்கெட்டின் மீன் பகுதியைக் கடந்து செல்பவர்கள் இரண்டு வகை. இலிஷ் விலையைக் கேட்டுக்கொண்டே நின்று விடுகிறவர்கள் ஒரு வகை. புடவைத் தலைப்பாலோ கைக்குட்டையாலோ மூக்கைப் பொத்திக்கொண்டு காய்கறிப் பக்கம் விரைகிறவர்கள் இன்னொரு வகை. நம் தமிழ் அன்பர்களில் இரண்டு வகையினரும் உண்டு. இந்தக் கட்டுரை இரு சாராருக்கும் பொதுவானது. ஏனெனில் இது மீனைப் பற்றியதல்ல. மீன் எதைத் தின்று மீனாகிறதோ, அதைப் பற்றியது. சைவ உணவுக்காரர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு என்பது பின்னால் காலராவைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

அந்த மீன் கடைகளைச் சற்றுக் கவனித்தால் ஒன்று புலப்படும். கட்லாவும் ரோஹுவும் நன்னீர்க் குளங்களிலும், கிழக்குக் கொல்கத்தாவின் 'பேரி' எனப்படும் ஏரிகளிலும் வளர்ந்தவை. நாம் கொடுவா என்று சொல்லும் பேட்கியும், மடவை இனத்தைச் சேர்ந்த பார்ஷேயும் ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகத்துக்கு உரியவை. வவ்வால் மீன் கடலிலிருந்து வருகிறது. நம் ஊரில் உள்ளம் என்று பெயர் பெற்ற இலிஷோ கடலில் வாழ்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறி வருவது. ஆக, நன்னீர், கலப்பு நீர், கடல் நீர் என்ற மூன்று உலகங்கள் ஒரே கூரையின் கீழ் விற்பனைக்கு வருகின்றன.

இந்த மூன்று உலகங்களிலும் மீன்கள் மட்டும் வேறுபடவில்லை. மீன் குஞ்சுகளுக்கு முதல் உணவாகும் நுண்ணிய உயிர்களின் கூட்டமும் நீருக்கு நீர் வேறுபடுகிறது. எந்த நீரில் எந்தக் கூட்டம் குடியிருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது எது? அந்த நீர் மாறினால் என்ன ஆகும்? இந்த இரண்டு கேள்விகளையும்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

யார் இந்தத் துடுப்புக்காலிகள்?

கடலிலும் குளத்திலும் நீரின் போக்கில் மிதந்து திரியும் சிற்றுயிர்களைப் பொதுவாக மிதவை உயிரிகள் என்கிறோம். பிளாங்க்டன் என்பது அவற்றின் விஞ்ஞானப் பெயர். அவற்றில் தாவர வகையும் உண்டு, விலங்கு வகையும் உண்டு. விலங்கு வகையில் எண்ணிக்கையால் முதலிடம் பெறுபவை கோபிபோடுகள். கிரேக்க மொழியில் 'கோபே' என்றால் துடுப்பு, 'போடோஸ்' என்றால் கால். எனவே தமிழில் இவற்றைத் துடுப்புக்காலிகள் என்று அழைக்கலாம். இறாலுக்கும் நண்டுக்கும் இவை தூரத்து உறவு.

பெரும்பாலானவை ரவைத் துகள் அளவுதான். அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும். பல இனங்களுக்கு நெற்றி நடுவில் ஒரே ஒரு சிவந்த கண். தலையிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக நீளும் இரண்டு உணர்கொம்புகள். உடலின் அடியில் வரிசையாக நீச்சல் கால்கள். எதிரி நெருங்கினால் அந்தக் கால்களை ஒருசேர உதைத்து, கண் இமைக்கும் நேரத்தில் தன் உடல் நீளத்தைப் போல் பல மடங்கு தூரம் தாவி விடும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு நாப்ளியஸ் என்று பெயர். அதற்குத் தாயின் சாயல் சிறிதும் இராது. ஆறு நாப்ளியஸ் பருவங்கள், பிறகு ஐந்து இளம் பருவங்கள் என்று ஒவ்வொரு முறையும் சட்டை உரித்து, பன்னிரண்டாவது பருவத்தில்தான் முழு வளர்ச்சி அடையும். இந்த நாப்ளியஸ்தான் பல மீன் குஞ்சுகளின் வாய்க்குள் போகும் முதல் கவளம். பிறந்த சில நாட்களில் கிடைக்க வேண்டிய இந்த உணவு கிடைக்காவிட்டால் குஞ்சு பிழைக்காது.

துடுப்புக்காலிகளில் மூன்று பெரிய பிரிவுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நீண்ட உணர்கொம்போடு திறந்த நீரில் மிதப்பவை கலனாய்டுகள். குட்டையான கொம்போடு குளத்திலும் கடலிலும் வாழ்பவை சைக்ளோபாய்டுகள். சேற்றிலும் மணலிலும் கடற்புல் இலைகளிலும் ஊர்ந்து திரிபவை ஹார்பாக்டிகாய்டுகள். இவற்றில் யாருக்கு எங்கே இடம் என்பதை நீரே முடிவு செய்கிறது.

கொல்கத்தாவும் துடுப்புக்காலி ஆராய்ச்சியும்

இந்தச் சிற்றுயிர்களைப் பற்றிய அறிவில் நம் கொல்கத்தாவுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. சௌரங்கியில் இருக்கும் இந்தியன் மியூசியத்தை நம்மில் பலர் குழந்தைகளுக்கு மம்மி காட்டுவதற்காகப் பார்த்திருப்போம். அந்த மியூசியத்தின் விலங்கியல் பிரிவிலிருந்து 1916ஆம் ஆண்டு உருவானதுதான் இந்திய விலங்கியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் நெல்சன் அன்னாண்டேல். அவருக்குப் பின் 1925 முதல் 1933 வரை அப்பொறுப்பில் இருந்தவர் சீமோர் சீவெல்.

சீவெல் தொழில்முறையில் ஒரு மருத்துவர். 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற கடல் அளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆராய்ச்சியாளராகவும் பணியாற்றினார். மாலுமிகளின் வயிற்று வலிக்கு மருந்து கொடுத்த நேரம் போக, வலையில் விழுந்த துடுப்புக்காலிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். 1914இல் மன்னார் வளைகுடாவின் துடுப்புக்காலிகளைப் பற்றி எழுதினார். 1924இல் சில்கா ஏரியின் துடுப்புக்காலிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. 1929, 1932 ஆகிய ஆண்டுகளில் இந்தியக் கடல்களின் கலனாய்டுகளைப் பற்றிய அவரது பெருநூல் இரண்டு பகுதிகளாக, இந்தியன் மியூசியத்தின் வெளியீடாக வந்தது. 1933-34இல் எகிப்து நாட்டுக் கப்பலான 'மபாஹிஸ்' மூலம் அரபிக் கடலை ஆராய்ந்த ஜான் மர்ரே பயணத்துக்கும் அவரே தலைவர். கழிமுக நீர்களில் வாழும் ஒரு துடுப்புக்காலிக்கு 'அகார்ட்டியெல்லா சீவெல்லி' என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சீவெலுக்குப் பிடித்தமான கேள்வி, எந்த இனம் எங்கே வாழ்கிறது, ஏன் என்பதுதான். அந்தக் கேள்விக்கான விடையைத் தேட நாம் தனியாகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோமே, அந்த வழியிலேயே எல்லா உதாரணங்களும் இருக்கின்றன. ஹௌராவில் சென்னை மெயிலில் ஏறி, சென்னையில் இறங்கி, அப்படியே இராமநாதபுரம் வரை போனால் துடுப்புக்காலிகளின் முக்கியமான குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடது கைப்பக்கம் வந்து போகும்.

ஹூக்ளி: உப்பும் சேறும்

சாதாரணமாக ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கொல்கத்தாவின் படித்துறைகளில் ஹூக்ளி நீர் ஏறக்குறைய நன்னீர். சாகர் தீவை நெருங்க நெருங்க உப்பு கூடுகிறது. அதுவும் நிலையாக இருப்பதில்லை. நாள்தோறும் இருமுறை அலை ஏற்றம் உப்பை மேலே தள்ளுகிறது. இறக்கம் அதைக் கீழே இழுக்கிறது. கோடையில் உப்பு ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறும். பருவமழை வந்ததும் கடல் வாய் வரை நன்னீர் இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கம் ஒரு சிற்றுயிருக்கு என்ன செய்யும்? சமையலறையிலேயே விடை இருக்கிறது. மாவடுவை உப்பில் போட்டால் அதிலுள்ள நீர் வெளியேறி அது சுருங்குகிறது. உலர்ந்த திராட்சையைப் பாயசத்தில் போட்டால் நீரை உறிஞ்சி உப்புகிறது. உப்பு நீரில் நன்னீர் உயிர் மாவடு போலச் சுருங்கும். நன்னீரில் கடல் உயிர் திராட்சை போல வீங்கும். இரண்டுக்கும் ஈடு கொடுத்து உடல் நீரைச் சமநிலையில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் சில இனங்களுக்கு மட்டுமே உண்டு. அதற்கு அவை உணவில் ஒரு பங்கைச் செலவு செய்தாக வேண்டும்.

ஆகவே கழிமுகத்தில் இனங்கள் குறைவு. ஆனால் அங்கே தாக்குப்பிடிக்கும் இனங்களுக்குப் போட்டி குறைவு, உணவோ மிகுதி. ஆறு கொண்டுவரும் வண்டல் சத்தும், சுந்தரவனத்து அலையாத்தி மரங்களின் உதிர்ந்த இலைகள் மக்கிய துகள்களும் அங்கே ஏராளம். எனவே ஒவ்வோர் இனமும் கோடிக்கணக்கில் பெருகுகிறது. இனம் சில, எண்ணிக்கை பல என்பதே கழிமுகத்தின் விதி.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆற்று நீர் ஓயாமல் கடலை நோக்கி ஓடுகிறது. மிதந்து திரியும் உயிர் அதோடு அடித்துச் செல்லப்படாமல் இருப்பது எப்படி? சூடோடயாப்டமஸ் என்ற இனவகை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பகலில் ஓட்டம் குறைந்த அடித்தளத்தை ஒட்டித் தங்கி, இரவில் மேலே வந்து மேய்கிறது. முட்டைகளையும் நீரில் உதிர்த்து விடாமல் பை போல வயிற்றோடு கட்டிச் சுமக்கிறது. வீடு நிலையில்லாத இடத்தில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொள்வது போல என்று சொல்லலாம்.

சுந்தரவனத்து நீரில் அதிகம் காணப்படும் துடுப்புக்காலிகளில் ஒன்று பெஸ்டியோலினா சிமிலிஸ். இதை 1914இல் முதலில் விவரித்துப் பெயரிட்டவர் நம் சீவெல்தான். தென்கோடியில் மன்னார் வளைகுடாவை ஆராய்ந்தபோது அறியப்பட்ட இந்த இனம், இங்கே வங்காளத்துக் கலங்கல் நீரிலும் செழிப்பாகக் குடித்தனம் நடத்துகிறது. பிறந்த ஊர் எதுவானாலும் புகுந்த ஊரின் தண்ணீரோடு ஒத்துப்போகத் தெரிந்த குடி இது. கொல்கத்தாத் தமிழருக்கு இதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை!

சில்கா: ஆண்டுக்கு இரண்டு வேடம்

ஒடிசாவில் பாலுகாவ், ரம்பா நிலையங்களை ஒட்டி ஜன்னலில் விரியும் சில்கா, கடலோடு குறுகிய வாயால் இணைந்த ஒரு பெரிய உப்பங்கழி. கோடையில் கடல் நீர் உள்ளே புகுந்து அது உவர்ப்பேறும். மழைக்காலத்தில் மகாநதியின் கிளைகள் கொண்டுவரும் நீரால் பெரும்பகுதி நன்னீராகி விடும். அன்னாண்டேலும் ஸ்டான்லி கெம்பும் சில்காவின் விலங்குகளை ஆராய்ந்து, 1915 முதல் அறிக்கைகளை வெளியிட்டார்கள். சீவெல் எழுதியது அந்த வரிசையில் ஒன்று.

ஒரே ஏரியில் ஆண்டுக்கு இருமுறை நீர் மாறினால் குடிகளும் மாற வேண்டியதுதான். உவர்ப்புக் காலத்தில் கடல் இனங்கள் வாய் வழியாக உள்ளே வரும். நன்னீர்க் காலத்தில் ஆற்று இனங்கள் பரவும். ஆனால் துடுப்புக்காலிகளில் சில இனங்களுக்கு வேறோர் உபாயம் தெரியும். காலம் சரியில்லை என்றால் அவை இடும் முட்டைகள் அடிச்சேற்றில் புதைந்து உறங்கும். மீண்டும் ஏற்ற நீர் வந்ததும் பொரியும். விவசாயி விதைநெல்லை எடுத்து வைப்பதைப் போன்றது இது.

சில்கா நமக்கு இன்னொரு பாடமும் சொல்கிறது. வண்டல் படிந்து கடல் வாய் தூர்ந்துபோகவே, ஏரியின் உப்பு குறைந்தது, களை மண்டியது, மீன்பிடிப்பு விழுந்தது. 1993இல் அபாயத்திலிருக்கும் ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலில் சில்கா சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் ஒன்று வெட்டப்பட்டது. உப்பு திரும்பியது, அதோடு மீனும் இறாலும் நண்டும் திரும்பின. 2002இல் சில்கா அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உப்பு நீரின் வழியைத் திறந்ததும் உணவுச் சங்கிலி தானாகவே உயிர் பெற்றது.

நடுக்கடல்: பல இனம், சிறு கூட்டம்

கரையை விட்டு வங்கக் கடலின் நடுவே போனால் விதி தலைகீழாகிறது. அங்கே உப்பு அதிகம் மாறுவதில்லை, சேறு இல்லை, ஆனால் உணவும் குறைவு. எனவே இனங்கள் மிகப் பல, ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை குறைவு.

வங்கக் கடலுக்கென்று ஒரு தனிக் குணமும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் கொட்டும் நன்னீர், உப்பு நீரின் மேல் ஒரு மூடி போலப் படர்கிறது. பாலின் மேல் படியும் ஆடை போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூடி இருப்பதால் ஆழத்திலுள்ள சத்து எளிதில் மேலே கலப்பதில்லை. கோடை முடிவில் தென்மேற்குக் காற்று கடலைக் கடைந்து சத்தை மேலே கொண்டுவரும் அரபிக் கடலோடு ஒப்பிட்டால், வங்கக் கடலின் மேல்நீர் பொதுவாக ஏழை நீர்தான். ஏழை நீரில் சிறிய உடல் கொண்ட இனங்களே சமாளிக்கும்.

நடுக்கடல் ஒரே வீடு அல்ல. அது ஒரு மாடிக் கட்டடம். மேல் தளத்தில், வெயில் நேராக விழும் பரப்பில், பொன்டெல்லா வகையினர் நீல நிறத்தோடு வாழ்கிறார்கள். கடலின் நிறத்தோடு ஒன்றிப்போவதால் மேலிருந்து பார்க்கும் பறவைக்குத் தெரியாது. சற்றுக் கீழே சபிரினா என்ற இனவகை. அதன் ஆண்கள் ஒளி படும் கோணத்துக்கேற்ப நவரத்தினம் போல மின்னி மறையும். இன்னும் கீழே, பகலில் இருட்டில் ஒளிந்து, இரவானதும் மேல் தளத்துக்கு ஏறி உண்டு, விடியுமுன் இறங்கி விடும் ப்ளூரோமம்மா வகை. இவ்வளவு சின்ன உடலோடு தினமும் இருநூறு, முந்நூறு மீட்டர் ஏறி இறங்குவது எளிய காரியமல்ல. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் சில நூறு மீட்டர் ஆழத்தில் பிராணவாயு மிகக் குறைந்த ஓர் அடுக்கு உண்டு. அதைச் சகிக்கத் தெரிந்த சில இனங்களுக்கு அதுவே பாதுகாப்பான கோட்டை. துரத்தி வரும் மீன் அங்கே மூச்சுத் திணறும்.

இவற்றைப் பற்றிய நம் அறிவில் பெரும்பங்கு 1960-65இல் நடந்த சர்வதேச இந்துமாக்கடல் ஆய்வுப் பயணங்களால் கிடைத்தது. பல நாட்டுக் கப்பல்கள் ஒரே மாதிரியான வலையால் சேகரித்த மிதவை உயிரி மாதிரிகள், ஏறக்குறைய இரண்டாயிரம், கொச்சியில் அமைந்த இந்துமாக்கடல் உயிரியல் மையத்தில் வகைபிரிக்கப்பட்டன. ஒவ்வொரு குப்பியிலும் இருப்பதை நுண்ணோக்கியின் கீழ் இனவாரியாகப் பிரித்து எண்ணிய அந்த உழைப்பு, அரிசியில் கல் பொறுக்குவதைவிடப் பொறுமை கேட்பது.

வெள்ளாறு: அதே குடி, வேறு பஞ்சாங்கம்

சென்னையைத் தாண்டித் தெற்கே போனால் பரங்கிப்பேட்டை. அங்கே வெள்ளாற்றின் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா அதற்கு வித்திட்டவர். வெள்ளாறு ஹூக்ளியைப் போலப் பேராறு அல்ல. ஆனாலும் அகார்ட்டியா, சூடோடயாப்டமஸ், ஓய்த்தோனா என்று அங்கே வாழும் குடும்பங்கள் ஹூக்ளியிலுள்ள குடும்பங்களுக்கு நெருங்கிய சொந்தம்.

வேறுபாடு காலத்தில்தான். ஹூக்ளியில் நன்னீர் பெருகுவது தென்மேற்குப் பருவத்தில், ஜூலை முதல் செப்டம்பர் வரை. வெள்ளாற்றில் வெள்ளம் வருவது வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இங்கே ஆற்றில் நன்னீர் ததும்பும் ஆவணியில், அங்கே உப்பு இன்னும் இறங்கியிராது. இங்கே வெள்ளம் வடிந்து குளிர் தொடங்கும் கார்த்திகையில், அங்கே வெள்ளம் புரளும். ஆகவே கடல் இனங்கள் உள்ளே ஏறுவதும் வெளியே தள்ளப்படுவதும் இரண்டு ஆறுகளிலும் வெவ்வேறு மாதங்களில். உப்புதான் இவர்களுக்குக் காலண்டர். தேதி எதுவானாலும் நீர் சொன்னபோதே பண்டிகை.

பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் ஓய்த்தோனா வகையைத் தொட்டிகளில் வளர்த்து, மீன் குஞ்சு, இறால் குஞ்சுகளுக்கு உயிர் உணவாகக் கொடுக்கும் முறையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கழிமுகத்தில் உப்பு ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய இனம் என்பதால் தொட்டியிலும் அது தாக்குப்பிடிக்கிறது.

மன்னார்: பவளமும் புல்லும்

தெற்கே மன்னார் வளைகுடாவில் நீர் தெளிவாகிறது. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 சிறு தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும் கடற்புல் மேடுகளும் இருக்கின்றன. முத்துக்குளிப்பை ஆராய வந்தவர்கள் இந்த நீரின் துடுப்புக்காலிகளையும் சேகரித்து, அதைப் பற்றிய அறிக்கை 1903இலேயே வெளிவந்தது. இங்கே அடித்தளமே ஒரு நகரம் போலப் பல மூலை முடுக்குகள் கொண்டது. கடற்புல் இலைமீது படியும் பாசியை மேய ஹார்பாக்டிகாய்டுகள் வருகின்றன. பவளத்தோடும் பஞ்சுயிரிகளோடும் ஒட்டி வாழும் இனங்களும் உண்டு. பவளப்பாறை நீர்களில் சில இனங்கள் பகலில் கூட்டம் கூட்டமாகப் பாறை நிழலில் திரண்டு நின்று, இரவில் கலைந்து போகும். திறந்த நீரில் எல்லோரும் மிதக்கிறார்கள். இங்கே ஒண்டுவதற்கு இடம் இருப்பதால் ஒண்டுகிறவர்களின் இனமே தனியாகப் பெருகியிருக்கிறது.

காலராவும் ஒரு மடிப்புத் துணியும்

இப்போது முன்னே சொன்ன விஷயத்துக்கு வருவோம். காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் நம் கொல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தார். அது உடலுக்குள் சுரக்கும் நஞ்சை 1959இல் நிரூபித்துக் காட்டியவரும் கொல்கத்தாக்காரரான சம்புநாத் தே. ஆனால் நோய் பரவாத மாதங்களில் இந்தக் கிருமி எங்கே இருக்கிறது என்ற கேள்வி நெடுநாள் புதிராக இருந்தது.

கழிமுகத்து உவர் நீரே அதன் இயற்கையான வீடு என்பதும், அங்கே அது துடுப்புக்காலிகளின் ஓட்டிலும் முட்டைப்பையிலும் ஒட்டி வாழ்கிறது என்பதும் ரீட்டா கோல்வெல், அன்வர் ஹக் முதலானோரின் ஆராய்ச்சியால் தெரிய வந்தது. துடுப்புக்காலி பெருகினால் கிருமிக்கும் பயணம் செய்யத் தோணி கிடைத்து விடுகிறது.

அவர்கள் வங்காளதேசத்தின் மத்லாப் பகுதியில் 65 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தி 2003இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய பருத்திப் புடவையைக் குறைந்தது நான்காக மடித்து அதில் குடிநீரை வடிகட்டச் சொன்னார்கள். கிருமி துணியின் கண்ணைவிட மிகச் சிறியது. தனியாக இருந்தால் நழுவிப் போயிருக்கும். ஆனால் அது ஏறியிருக்கும் துடுப்புக்காலி துணியில் சிக்கிக்கொண்டது. அந்தக் கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது.

நம் ஊரிலும் இதற்கு இணையான கதை உண்டு. படிக்கிணற்று நீரிலும் குளத்து நீரிலும் வாழும் சைக்ளோப்ஸ் என்ற துடுப்புக்காலியின் வயிற்றிலிருந்துதான் நரம்புச் சிலந்திப் புழு மனிதனுக்குள் வந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் மருந்தாயிற்று. படிக்கிணறுகளை மூடியும், நீரை வடிகட்டச் சொல்லியும் செய்த இயக்கத்தால் இந்தியாவில் 1996க்குப் பின் அந்த நோய் இல்லை; 2000ஆம் ஆண்டு நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. வீட்டுக் குடிநீருக்கு வடிகட்டுவது மட்டும் போதாது, கொதிக்க வைப்பதே நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லி விடுகிறேன்.

நீர் மாறினால்...

துடுப்புக்காலிகள் ஊர் மாறிப் போவதில்லை. ஊரின் நீர் மாறும்போது ஒரு கூட்டம் அழிந்து இன்னொரு கூட்டம் அங்கே குடியேறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம்மைச் சுற்றி நடந்தவற்றைப் பார்ப்போம்.

1975இல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. கொல்கத்தாத் துறைமுகம் வண்டலால் தூர்ந்து போகாமல் இருக்க, கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்புவது அதன் நோக்கம். அதன் பிறகு ஹூக்ளியில் உப்பு குறைந்தது. நன்னீர் எல்லை கடலை நோக்கி இறங்கியது. நன்னீர் இனங்களும் அதோடு இறங்கின. முன்பு அலகாபாத் வரைக்கும் ஏறிய இலிஷுக்கு அணை வழியை மறித்தது.

ஹூக்ளிக்குக் கிழக்கே மாத்லா ஆற்றின் கதை இதற்கு நேர் எதிர். பாலிகஞ்ச் நிலையத்தில் கேனிங் லோக்கல் ஏறினால் அதன் கரையில் போய் இறங்கலாம். மேற்பகுதியில் ஆறுகள் தூர்ந்துபோனதால் மாத்லாவுக்கு நன்னீர் வரத்து இல்லை. கடல் உப்பே அதில் நிறைந்திருக்கிறது. ஒரே சுந்தரவனம், ஒரே அலை, அருகருகே இரண்டு ஆறுகள். ஒன்று நன்னீர் கூடியது, மற்றொன்று உப்பு கூடியது. 2009இல் அய்லா, 2020இல் அம்பான் புயல்களின்போது கரைகள் உடைந்து கடல் நீர் சுந்தரவனத்து நன்னீர்க் குளங்களுக்குள் புகுந்தது. அன்று மீன் வளர்த்தவர்கள் இழந்தது மீனை மட்டுமல்ல. அந்த மீனை வளர்த்த கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தையும்தான்.

மேல்நாட்டு அனுபவம் ஒன்றும் இங்கே பயன்படும். அலிஸ்டர் ஹார்டி அமைத்த மிதவை உயிரிப் பதிவுக் கருவியைச் சரக்குக் கப்பல்களின் பின்னால் கட்டி, வட கடலிலும் அட்லாண்டிக்கிலும் 1931 முதல் கணக்கெடுத்து வருகிறார்கள். நீர் வெப்பமானபோது அங்கே குளிர்நீருக்குரிய கலானஸ் இனம் குறைந்து, வெப்பத்தைத் தாங்கும் அதன் உறவினம் பெருகியதை அந்தக் கணக்கு காட்டியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் புதியது பெருகும் மாதம் வேறு. காட் மீன் குஞ்சுகள் பசியோடு வந்தபோது பழைய பந்தி முடிந்திருந்தது, புதிய பந்திக்கு இலை போடவில்லை. அளவுக்கு மீறிய மீன்பிடிப்போடு இதுவும் சேர்ந்து காட் மீனை நலிவடையச் செய்தது என்கிறார்கள்.

இலிஷுக்கும் இதே நியாயம்தான். 23 சென்டிமீட்டருக்குக் குறைவான இலிஷைப் பிடிக்கக் கூடாது என்று மேற்கு வங்கத்தில் விதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடையும் இருக்கிறது. இவை நல்ல விதிகள். ஆனால் பிடிக்காமல் விட்ட குஞ்சு வளர வேண்டுமானால், அது வரும் நேரத்தில், அது வரும் நீரில், அதற்கான ரவைத் துகள்கள் இருந்தாக வேண்டும். அதற்கு ஆற்றில் உரிய காலத்தில் உரிய அளவு நீர் ஓட வேண்டும். சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்காமல் இருக்க வேண்டும். அலையாத்திக் காடு நிற்க வேண்டும்.

ஆகவே மார்க்கெட்டில் இலிஷ் விலை ஏறினால் கடைக்காரரோடு பேரம் பேசுவதோடு நம் கடமை முடிந்து விடாது. குட்டி இலிஷை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள். மீன் வாங்காதவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் எளிய சோதனை செய்து காட்டலாம். ஏதாவது ஒரு குளத்திலிருந்து ஒரு பாட்டில் நீரைப் பெரியவர்கள் எடுத்து வந்து கொடுத்து, இருட்டறையில் பாட்டிலின் ஒரு பக்கம் டார்ச் விளக்கைக் காட்டச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் வெளிச்சத்தை நோக்கி வெண்புள்ளிகள் துள்ளித் துள்ளி வந்தால், பூதக்கண்ணாடியில் பாருங்கள். வால்பக்கம் இரண்டு முட்டைப்பைகளைச் சுமந்து வருவது சைக்ளோப்ஸ் தாய். பார்த்து முடித்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்ல மறக்க வேண்டாம்.

பாலிகஞ்சில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறை கரியாஹாட்டிலிருந்து அதிக தூரமில்லை. நியூ அலிப்பூரில் விலங்கியல் ஆய்வகத்தின் தலைமையகம் இருக்கிறது. இந்தத் துறையில் ஆர்வம் கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு வாசல் பக்கத்திலேயே திறந்திருக்கிறது. ஒரு நீரின் நலத்தை அறிய அதில் வாழும் மிகச் சிறிய குடியைக் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்தவர்கள் நம் ஆற்றுக்கும் வேண்டும், நம் ஊர்க் கடலுக்கும் வேண்டும்.